மோட்டார் கட்டிலுக்கு எந்த மெத்தை? தடிமன், வளைவு, எடை: விவாத இழை

#1 நெடுந்தூக்கம்

தலைப்பக்கமும் கால்பக்கமும் தனித்தனியே எழும் அட்ஜஸ்டபிள் கட்டிலுக்கு மெத்தை பார்க்க வேண்டியிருக்கிறது. அளவு 180 × 200 செ.மீ., நடுவில் பிளவு இல்லாத ஒரே தளம். தலை 60 டிகிரி வரை, தொடை 30 டிகிரி வரை எழும். கையேட்டில் போட்டிருக்கும் மொத்தச் சுமை 340 கிலோ. படுப்பவர் இருவர்: ஒருவர் 90 கிலோ, இன்னொருவர் 65. கனமானவருக்கு நெஞ்செரிச்சல், அதனால் இரவு முழுக்கத் தலைப்பக்கம் கொஞ்சம் உயர்ந்தே இருக்கும்.

எந்தக் கடையில் கேட்டாலும் எல்லா மெத்தையும் "செட் ஆகும்" என்கிறார்கள். பட்டியலில் இருப்பவை மூன்று: 20 செ.மீ. லேடெக்ஸ், 25 செ.மீ. மெமரி ஃபோம், 30 செ.மீ. பாக்கெட் ஸ்பிரிங். எதை வைத்துக் கழிப்பது? ஏற்கெனவே இருக்கும் 8 அங்குல போனல் ஸ்பிரிங் மெத்தையையே இதன்மேல் போட்டுவிடலாமா?

#2 வில்சுருள்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போடாதீர்கள்.

போனல் ஸ்பிரிங்கில் சுருள்கள் தனித்தனியாக இல்லை. ஒன்றோடொன்று குறுக்குக் கம்பியால் பின்னியிருப்பார்கள். அது போதாதென்று மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் சுற்றிலும் ஒரு தடித்த பார்டர் கம்பி ஓடும். அந்தக் கம்பியின் வேலையே மெத்தையைச் சமமாக நிறுத்துவதுதான். தளம் எழும்போது அது எதிர்த்து நிற்கும். மெத்தை இடுப்புப் பக்கம் தளத்தை விட்டு அந்தரத்தில் நிற்கும், அல்லது கம்பி ஒரேயடியாகக் கோணிப்போகும். கோணிய பிறகு தளத்தைச் சமமாக்கினாலும் நடுவில் மேடு நிற்கும்.

உங்களிடம் இருப்பது போனலா பாக்கெட்டா என்று சந்தேகம் இருந்தால் மெத்தையின் பக்கவாட்டு மேல் விளிம்பை இரண்டு விரலால் கிள்ளிக்கொண்டே ஒரு முழம் நகருங்கள். விரலுக்குள் கம்பி தொடர்ச்சியாகத் தட்டுப்பட்டால் விஷயம் அதோடு முடிந்தது.

#3 நுரைக்கணக்கு

மெத்தையை எல்லோரும் சமமாகப் படுத்துப் பார்த்து வாங்குகிறார்கள். இந்தக் கட்டிலில் அது பாதிப் பரீட்சைகூட இல்லை. மடங்கிய நிலையில் மெத்தைக்கு என்ன ஆகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டால் பாதிக் கேள்வி தானே விழுந்துவிடும்.

தளம் உள்பக்கமாக மடங்கும்போது மெத்தையின் அடிப்பக்கம் நீளமான பாதையிலும் மேல்பக்கம் குறுகிய பாதையிலும் போகின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தடிமன் பெருக்கல் கோணம், கோணம் ரேடியனில். 60 டிகிரி என்றால் 1.05. ஆக:

20 செ.மீ. மெத்தைக்கு 21 செ.மீ.
25 செ.மீ. மெத்தைக்கு 26 செ.மீ.
30 செ.மீ. மெத்தைக்கு 31 செ.மீ.

இவ்வளவு நீளத்தை மேல்பக்கம் எங்காவது ஒளித்தாக வேண்டும். நுரை அமுங்கிக் கொஞ்சம் விழுங்கும், அடிப்பக்கம் நீண்டு கொஞ்சம் விழுங்கும், மெத்தை கால்பக்கம் தள்ளிக்கொண்டு கொஞ்சம் விழுங்கும். மிச்சம் இடுப்புக்கு அடியில் சுருக்கமாக நிற்கும். தொடைப்பகுதியையும் 30 டிகிரி தூக்கினால் இடுப்பைச் சுற்றிய மொத்த மடிப்பு 90 டிகிரி. 25 செ.மீ. மெத்தையில் வித்தியாசம் 39 செ.மீ. ஆகிவிடும்.

முழங்காலில் கதை தலைகீழ். அங்கே மடிப்பு வெளிப்பக்கம், அதனால் மேல்பக்கம் நீள வேண்டும். 30 டிகிரிக்கு 13 செ.மீ. நீளாத துணி போட்ட மெத்தை இங்கேதான் விறைக்கும். கெண்டைக்கால் இருக்கும் பகுதி தளத்தை விட்டு எழும்பி, கையை விட்டால் உள்ளே போகும் அளவு இடைவெளி விடும்.

இன்னொன்று. ஒட்டிய ஒரே கட்டியாக இருக்கும் நுரையின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) போகும். 20 செ.மீ. இலிருந்து 30 செ.மீ. போனால் விறைப்பு ஒன்றரை மடங்கு ஏறாது, ஏறத்தாழ 3.4 மடங்கு ஏறும். பட்டியலில் உள்ள 30 செ.மீ. மெத்தையைப் பார்த்து முகம் சுளிப்பதற்கு இதுதான் காரணம்.

#4 நெடுந்தூக்கம்

கணக்கு புரிகிறது. அப்படியானால் 15 செ.மீ. மெத்தைதான் உத்தமமா? மருத்துவமனைக் கட்டில்களில் எல்லாம் மெல்லிய மெத்தைதானே இருக்கிறது?

#5 பகல்நர்ஸ்

மருத்துவமனை மெத்தை மெல்லியதாக இருப்பதற்குப் பக்கக் கம்பிகளும் ஒரு காரணம். மெத்தை உயர்ந்தால் கம்பியின் பாதுகாப்பு உயரம் குறையும், நோயாளி புரண்டு விழலாம். வீட்டுக் கட்டிலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதை அளவுகோலாக எடுக்காதீர்கள்.

தலையைத் தூக்கியதும் உடம்பின் எடையில் பெரும்பகுதி இடுப்புக்கு அடியில் ஒரு சின்னப் பரப்பில் இறங்கும். சமமாகப் படுக்கும்போது தாங்கிய அதே 15 செ.மீ. நுரை, சாய்ந்து உட்காரும்போது தரைதட்டும். 90 கிலோ ஆளுக்கு அடியில் இருக்கும் பலகையே தட்டுப்படும், வால் எலும்பு வலிக்கும். என் பார்வையில் 20 செ.மீ. கீழ் எல்லை. 25 தாராளம். அதற்கு மேல் போவதில் சுகம் கூடுவதில்லை.

தோல் இழுபடுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தளத்தின் கீல் கீழே இருக்கிறது, இடுப்பு எலும்பு அதற்கு மேல் ஒரு மெத்தை உயரத்தில் இருக்கிறது. தலை எழும்போது மெத்தையின் மேல்பரப்பு குறுகும், முதுகு குறுகாது. அதனால் உடம்பு கால்பக்கம் தள்ளப்படும், சட்டை மேலே ஏறும், தோல் ஒரு பக்கமும் உள்ளே இருக்கும் தசை ஒரு பக்கமும் போகும். மெத்தை எவ்வளவு தடிமனோ அவ்வளவு இழுவை. நடமாட முடியாதவர்களுக்குப் படுக்கைப்புண் வருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே வரிசை: முதலில் முழங்காலைத் தூக்குங்கள், பிறகு தலை. இறக்கும்போது முதலில் தலை, பிறகு முழங்கால். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு, மருத்துவர் வேறு மாதிரிச் சொல்லாதவரை, தலையை 30 டிகிரிக்குள் வைத்திருப்பது வழக்கம்.

நெஞ்செரிச்சலுக்கு 60 டிகிரி தேவையே இல்லை. தலைமாட்டை 15 முதல் 20 செ.மீ. உயர்த்தச் சொல்வார்கள். உங்கள் தளத்தின் தலைப்பகுதி 75 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டால் 12 முதல் 15 டிகிரி எழுந்தாலே அந்த உயரம் வந்துவிடும். ஆனால் மடிப்பு இடுப்பு மூட்டில் விழ வேண்டும். வயிற்றில் மடிந்தால் வயிறு அழுந்தி எரிச்சல் கூடத்தான் செய்யும். தலையணை எங்கே என்று பார்த்துப் படுக்காதீர்கள், இடுப்பு கீலுக்கு நேரே வருகிறதா என்று பார்த்துப் படுங்கள்.

#6 நுரைக்கணக்கு

சிஸ்டர் சொன்ன 15 டிகிரியை என் கணக்கில் போட்டால் 25 செ.மீ. மெத்தைக்கும் வித்தியாசம் ஆறரை செ.மீ. தான். எந்த நல்ல நுரையும் அதை விழுங்கிவிடும். இரவு முழுக்க நிற்கும் கோணம் வேறு, டிவி பார்க்கும் அரைமணி நேரக் கோணம் வேறு. தேர்வு செய்யும்போது இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

இனிப் பொருள்.

லேடெக்ஸ்: வளைவதில் இதற்கு இணை இல்லை. அமுங்கவும் செய்யும், நீளவும் செய்யும், விட்டவுடன் திரும்பும். குறை எடை. டென்சிட்டி 75 என்றால் ஒரு கன மீட்டருக்கு 75 கிலோ. 180 × 200 × 20 அளவுக்கு 0.72 கன மீட்டர், 54 கிலோ. 25 செ.மீ. என்றால் 67 கிலோவைத் தாண்டும். ஒரே ஆள் தூக்கி விரிக்க முடியாது, பாதியில் பிடித்துத் தூக்கினால் சொந்த எடையில் கிழியவும் கிழியும். டென்சிட்டி 65க்குக் கீழே போகாதீர்கள்.

மெமரி ஃபோம்: நன்றாக மடங்கும், ஆனால் திரும்ப நேரம் எடுக்கும். குளிரில் இறுகும். 15 டிகிரி செல்சியஸ் அறையில் சட்டென்று 60 டிகிரிக்குத் தூக்கினால் மேல் அடுக்கு வளையாமல் முரண்டுபிடிக்கும். மேலே 5 முதல் 7 செ.மீ. மெமரி, கீழே எல்லாம் எச்.ஆர். ஃபோம் (ஹை ரெசிலியன்ஸ், அமுக்கி விட்டதும் சட்டென்று எழும்பும் நுரை) என்ற அமைப்பு நல்லது. மெமரி அடுக்கின் டென்சிட்டி 50க்கு மேல், அடி நுரை 32 முதல் 40. அடியில் மலிவான 20, 23 டென்சிட்டி நுரை போட்டிருந்தால், தினமும் ஒரே கோட்டில் மடிந்து மடிந்து இடுப்புக்கு நேரே பள்ளம் விழும். சமமாகப் படுப்பவர்களுக்கு இரண்டு மூன்று ஆண்டு தாங்கும் நுரை இங்கே அத்தனை காலம் தாங்காது.

ரீபாண்டட் ஃபோம்: துண்டு நுரைகளை அரைத்து, பசை கலந்து அழுத்தியது. டென்சிட்டி 80, 100 என்று பெரிதாக எழுதியிருப்பார்கள், ஏமாறாதீர்கள். இது பலகை மாதிரி விறைப்பானது, மடிப்புக் கோட்டில் உதிரும். தென்னைநார்த் தகடு வைத்த மெத்தையும் அப்படியே, கீலுக்கு நேரே தகடு உடையும். மேலே அழகாக 5 செ.மீ. லேடெக்ஸ் போட்டு நடுவில் இவற்றில் ஒன்றைச் செருகிய மெத்தைகள் நிறைய உண்டு. அதனால் "லேடெக்ஸ் மெத்தை" என்ற பெயரை நம்பாமல் ஜிப்பைத் திறந்து எல்லா அடுக்கையும் பாருங்கள்.

#7 வில்சுருள்

30 செ.மீ. வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நுரைக்கணக்கு ஐயா பாக்கெட் ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் போவது நியாயமில்லை. மும்மடிக் கணக்கெல்லாம் ஒரே கட்டியான நுரைக்கு. பாக்கெட்டில் ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பைக்குள் இருக்கிறது, பக்கத்துப் பையோடு மட்டும் ஒட்டு. மேல்பக்கம் நெருங்கும்போது சுருள்களின் தலைகள் ஒன்றையொன்று நெருங்கும், அவ்வளவுதான். உள்ளே காற்றோட்டம் உண்டு, விளிம்பு உட்காரத் தாங்கும், 20 செ.மீ. லேடெக்ஸைவிட எடையும் பொதுவாகக் குறைவு.

ஆனால் நான்கு இடத்தில் பார்க்க வேண்டும்.

பார்டர் கம்பி இருக்கவே கூடாது. சில பாக்கெட் மெத்தைகளிலும் விளிம்பு தாங்கக் கம்பி வைப்பார்கள்.

சுற்றிலும் ஃபோம் சுவர் இருந்தால் அது எவ்வளவு அகலம், எவ்வளவு விறைப்பு என்று கேளுங்கள். 10 செ.மீ. அகலக் கெட்டி நுரைச் சுவர் நான்கு பக்கமும் நின்றால் உள்ளே சுருள் எவ்வளவு வளைந்தாலும் பயனில்லை, விளிம்பு வளையாது. சுவருக்குப் பதில் ஓரத்து வரிசைச் சுருள்களை மட்டும் தடித்த கம்பியில் செய்திருந்தால் சிறப்பு. அல்லது கீல் வரும் இடங்களில் சுவரில் வெட்டு விட்டிருக்க வேண்டும்.

சுருளுக்கு மேலேயும் கீழேயும் ஒட்டும் தடுப்புத் துணி. மெல்லிய துணியாக இருந்தால் சரி. கெட்டி ஃபெல்ட் அட்டையாக இருந்தால் அது நீளாது, பசை விடும். தளம் ஏறும்போது மெத்தைக்குள்ளிருந்து "சர்ர்" என்று பிளாஸ்டர் உரிவது மாதிரி சத்தம் வந்தால் அது ஒட்டு விடுகிற சத்தம்.

நாலாவது, சுருளின் உயரம். 13 முதல் 15 செ.மீ. சுருள் வைத்து, மேலே 5 முதல் 7, கீழே இரண்டரை செ.மீ. நுரை என்றால் மொத்தம் 25க்குள் முடியும். எத்தனை ஆயிரம் சுருள் என்று விளம்பரத்தில் போடும் எண்ணுக்கு இங்கே பெரிய மதிப்பில்லை.

#8 மோட்டார் மாணிக்கம்

மெத்தை எடையை யாரும் சுமைக் கணக்குல சேர்க்கறதில்ல. 340 கிலோன்னா அது ஆள், மெத்தை, போர்வை, தலையணை, மடியில வெச்சிருக்கற லேப்டாப் எல்லாம் சேர்த்து. இவங்களுக்கு 155 ஆளு, 54 மெத்தை, 209தான் வருது, பிரச்சனையே இல்ல. ஆனா அந்த 340 பரவலா இறங்கற சுமைக்குச் சொன்னது. தூக்கின தலைப்பக்கத்து ஓரத்துல ஒருத்தர் வந்து உட்கார்ந்தா கீலும் ஆக்சுவேட்டர் கம்பியும் (மோட்டார்லேர்ந்து நீண்டு தளத்தைத் தூக்கற கம்பி) வேற மாதிரி வாங்கும். சமமாக்கிட்டு நடுப்பகுதியில உட்காருங்க.

மோட்டார் உடம்புல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், படிச்சுப் பாருங்க. பெரும்பாலும் 2 நிமிஷம் ஓட்டம், 18 நிமிஷம் ஓய்வுன்னு போட்டிருக்கும். விறைப்பான மெத்தையைப் போட்டுட்டு ரிமோட்டை மேலயும் கீழயும் மாத்தி மாத்தி அமுக்கினா சூடாகி நின்னுரும். கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக் கழட்டாதீங்க, ஆறட்டும். ஆனா தினமும் நிக்குதுன்னா மெத்தை வளையாம மோட்டாரோட மல்லுக்கட்டுதுன்னு அர்த்தம்.

கிறீச் சத்தத்துக்கு ஒரு வழி: மெத்தையை எடுத்துட்டு வெறும் தளத்தை ஒருதரம் முழுசா ஏத்தி இறக்குங்க. சத்தம் இருந்தா கீல் பின்னுல. இல்லைன்னா மெத்தையில. இதைச் செய்யாமலே பாதிப் பேர் மெத்தையைத் திருப்பி அனுப்பறாங்க.

#9 நெடுந்தூக்கம்

மாணிக்கம் அண்ணே, மெத்தை கால்பக்கம் இறங்கிக்கொண்டே போகும் என்கிறார்களே, அதற்கு அடியில் ரப்பர் வலை விரித்தால் நிற்குமா?

#10 மோட்டார் மாணிக்கம்

தளம் பூரா விரிச்சா தப்பு. மேல ஐயா சொன்ன கணக்குப்படி மடங்கும்போது மெத்தை கொஞ்சம் நகர்ந்துதான் ஆகணும். முழுக்கப் பிடிச்சு வெச்சா அடித்துணி கிழியும், இல்ல இடுப்புல எம்பும்.

தளத்துல நாலு பகுதி இருக்கு: தலை, இருக்கை, தொடை, கால். இதுல இருக்கைப் பகுதி மட்டும்தான் அசையாது. 25, 30 செ.மீ. அகலம் இருக்கும். ரப்பர் வலையோ ஒட்டுப் பட்டையோ அங்க மட்டும் போடுங்க. மெத்தை நடுவுல நங்கூரம் போட்ட மாதிரி நிக்கும், ரெண்டு பக்கமும் தாராளமா நகரும், இறக்கினதும் அதே இடத்துக்கு வரும்.

கால்பக்கத்து வளைவுக் கம்பி கட்டாயம் மாட்டுங்க. அட்டைப்பெட்டிக்குள்ளேயே அது கிடக்கும், நிறைய பேர் அழகா இல்லைன்னு மாட்டறதில்ல. மெத்தைக்கும் கம்பிக்கும் ஒரு விரல் இடைவெளி போதும். மெத்தை மேல போட்ட டாப்பர் (தனி மெல்லிய மேல்மெத்தை) நழுவறதுக்கு இந்தக் கம்பி உதவாது, கம்பி உயரம் 10 செ.மீ. பக்கம்தான் இருக்கும்.

#11 உறையும் ஊசியும்

உறையைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. நல்ல லேடெக்ஸை வாங்கி, நீளாத தடித்த குவில்ட் உறைக்குள் போட்டால் லேடெக்ஸின் குணம் பாதி போச்சு.

குவில்ட் என்பது மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைப்பது. அடித்துணி நெய்யாத துணியாக இருக்கும், துளிகூட நீளாது. முழங்காலில் 13 செ.மீ. நீள வேண்டிய இடத்தில் அது நீளாமல் மெத்தையையே தூக்கிவிடும். இடுப்பில் குறுக வேண்டிய இடத்தில் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, படுத்தால் முதுகில் கயிறு கட்டிய மாதிரி உறுத்தும். பின்னல் துணி உறை, நான்கு பக்கமும் நீளும் ரகம், கேட்டு வாங்குங்கள். கையால் சோதிக்கலாம்: மெத்தையின் மேல்பரப்பில் துணியை நீளவாக்கில் ஒரு சாண் அளவு பிடித்து இழுங்கள். இரண்டு விரல்கடையாவது கூடுதலாக நீண்டு, விட்டதும் திரும்ப வேண்டும்.

மேலே தனி மெத்தை தைத்த பில்லோ டாப் ரகங்கள் வேண்டாம். தையல் ஓரத்தில் மட்டும் பிடித்திருக்கும், நடுவில் நுரை முன்னும் பின்னும் போய் ஒரு பக்கம் குவியும்.

ப்ரொடெக்டரும் இதே கதை. ரெக்சின் மாதிரி மொடமொடவென்று இருப்பது வேலைக்காகாது. பின்னல் துணியின் பின்னால் மெல்லிய நீர்புகாப் படலம் ஒட்டியது கிடைக்கும், அது நீளும்.

பெட்ஷீட்: மெத்தைக்கு அடியில் செருகும் தட்டை விரிப்பு முதல் தடவை தலை எழும்போதே உருவிக்கொள்ளும். சுற்றிலும் எலாஸ்டிக் வைத்தது, பாக்கெட் ஆழம் மெத்தைத் தடிமனைவிட 5 முதல் 8 செ.மீ. கூடுதல். மூலைகளில் மட்டும் எலாஸ்டிக் வைத்தது போதாது.

#12 நெடுந்தூக்கம்

இப்போது லேடெக்ஸ் பக்கம் சாய்ந்திருக்கிறேன். ஒரு இடத்தில் 15 செ.மீ. கெட்டி அடுக்கு, மேலே 5 செ.மீ. மென்மையான அடுக்கு, இரண்டையும் ஒட்டாமல் ஜிப் உறைக்குள் போட்டுத் தருகிறார்கள். இன்னொரு இடத்தில் ஒட்டித் தருகிறார்கள். எது?

#13 நுரைக்கணக்கு

ஒட்டாதது. தடித்த புத்தகத்தை வளைத்துப் பாருங்கள், தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால்தான் அது வளைகிறது. அதே தாள்களை ஒட்டினால் அது அட்டைப்பலகை. அடுக்குகள் தனியாக இருந்தால் ஒவ்வொன்றும் தன் தடிமனுக்கு உள்ள விறைப்போடு மட்டும் வளையும். 20 செ.மீ. கட்டியின் விறைப்பை 100 என்று வைத்தால், ஒரே நுரையில் 15ம் 5ம் தனித்தனியாக இருக்கும்போது கூட்டிப் பார்த்தால் 44 தான். நாளைக்கு ஒரு அடுக்கு மட்டும் தளர்ந்தால் அதை மட்டும் மாற்றவும் முடியும்.

#14 வில்சுருள்

காகிதத்தில் சரி. வழுக்கிய அடுக்கு திரும்பி வருமா என்பதுதான் கேள்வி. லேடெக்ஸ் மேல் லேடெக்ஸ் என்றால் உராய்வு அதிகம், தானே திரும்பும், அல்லது வழுக்கவே வழுக்காது. அந்த 44 கிடைக்காது, 70 பக்கம் வந்தால் பெரிது என்பது என் மதிப்பீடு. மேலே மெமரி ஃபோம், கீழே எச்.ஆர். என்றால் நாளாக நாளாக மேல் அடுக்கு கால்பக்கம் ஊர்ந்து, தலைமாட்டில் ஒரு சாண் பள்ளம் விழும். அந்த வகைக்கு ஒட்டியதே மேல்.

#15 நுரைக்கணக்கு

44 என்பது உராய்வே இல்லாதபோது கிடைக்கும் கீழ்வரம்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஊர்வதற்கு மருந்து இறுக்கமான உறை. உறையின் உள்ளளவு அடுக்கின் அளவைவிட ஒரு செ.மீ. குறைவாகவே இருக்கட்டும். தொளதொள உறையில் எந்த நுரையும் ஊரும். மெமரி மேலடுக்குக்கு ஒட்டு என்பதில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் முழுப் பரப்பும் பசை பூசக் கூடாது, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரு பட்டை போதும். மடிப்புக் கோட்டில் பசை காய்ந்தால் கெட்டிக் கோடாக நிற்கும், அது முதலில் உடையும்.

#16 பகல்நர்ஸ்

ஒரே தளம் என்பதால் ஒன்று நினைவில் இருக்கட்டும்: ஒருவருக்கு 15 டிகிரி என்றால் மற்றவருக்கும் 15 டிகிரிதான். பக்கவாட்டில் படுப்பவருக்கு 15 பரவாயில்லை, 30ல் இடுப்பு பக்கவாட்டில் ஒடியும். குப்புறப் படுப்பவருக்கு அதுவே கஷ்டம். தளத்தை இன்னும் மாற்ற முடியும் என்றால் 90 × 200 இரண்டு தளம், இரண்டு மெத்தை என்று போய்விடுவது நல்லது. மெத்தை எடையும் பாதியாகும், ஒவ்வொருவருக்கும் தகுந்த கெட்டியும் கிடைக்கும். நடுவில் கோடு இருக்கும், அதை மறைக்க விற்கும் இணைப்புப் பட்டை இரண்டும் சேர்ந்து எழும்போது மட்டும்தான் உதவும்.

உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். தளத்தின் மேல்பரப்பு தரையிலிருந்து 35 முதல் 40 செ.மீ. என்றால் 25 செ.மீ. மெத்தையோடு 60, 65 வந்துவிடும். முதியவர் ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் படாது, எழும்போது தடுமாறுவார். பல தளங்களுக்குக் குட்டைக் கால் தனியாகக் கிடைக்கும்.

#17 நெடுந்தூக்கம்

தளம் மாற்ற முடியாது. தரையிலிருந்து அதன் உயரம் 34 செ.மீ., 20 செ.மீ. மெத்தையோடு 54. சரியாகவே வருகிறது. கடையில் மோட்டார் தளம் இல்லாவிட்டால் எப்படிச் சோதிப்பது?

#18 நுரைக்கணக்கு

சுவர் போதும். மெத்தையைத் தரையில் போட்டு, தலைமாட்டு 75 செ.மீ. பகுதியைச் சுவரில் சாய்த்து 60 டிகிரி வரும்படி தள்ளுங்கள். தரையில் இருக்கும் பாகம் நழுவாமல் ஒருவர் அதன்மேல் முழங்காலை ஊன்றட்டும். இப்போது பக்கவாட்டிலிருந்து குனிந்து மடிப்பின் வெளிமூலையைப் பாருங்கள். தளம் இருந்தால் கோணம் இருக்க வேண்டிய இடத்தில் மெத்தை வட்டமாக எம்பி நிற்கும். ஒரு கைமுட்டி நுழையும் அளவுக்குள் இருந்தால் ஆள் எடையில் உட்கார்ந்துவிடும். இரண்டு கைமுட்டி என்றால் விட்டுவிடுங்கள்.

பிறகு மேல்பரப்பின் உள்மடிப்பைத் தடவுங்கள். பரவலாக அமுங்கியிருக்கிறதா, ஒரே கூர்மையான மடிப்பாக விழுந்திருக்கிறதா? கூர்மையான மடிப்பு இருந்தால் துணி நீளவில்லை, அல்லது மேல் நுரை மிக மென்மை. பத்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டுச் சமமாக்குங்கள். லேடெக்ஸ் உடனே நிமிரும். மெமரிக்கு ஓரிரு நிமிடம் கொடுக்கலாம். கால்மணி கழித்தும் தடம் கண்ணுக்குத் தெரிந்தால் வேண்டாம்.

மோட்டார் தளம் இருந்தால் ஒரு சோதனை கூடுதல்: கனமானவர் 45 டிகிரியில் சாய்ந்து உட்காரட்டும், மற்றவர் இருக்கைப் பகுதியில் மெத்தைக்கும் தளத்துக்கும் நடுவே கையைச் செலுத்திப் பார்க்கட்டும். கை போகக் கூடாது.

#19 வில்சுருள்

சுருட்டி அடைத்து வந்த மெத்தை என்றால் முதல் இரண்டு மூன்று நாள் சமமாகவே கிடக்கட்டும். முழுதாக ஊதாத நுரையை மடித்தால் அந்த இடம் அப்படியே தங்கிவிடும். அதன் பிறகும் முதல் தடவை பாதிக் கோணம் வரை போய் நின்று, பிறகு முழுதும்.

வாரண்டி அட்டையில் "மோட்டார் தளத்தில் பயன்படுத்தலாம்" என்ற வாக்கியம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நடுவில் பள்ளம் விழுந்தால் "மடக்கியதால் வந்தது" என்று கைவிரிக்க இது ஒன்று போதும் அவர்களுக்கு. பள்ளம் எத்தனை செ.மீ. ஆழம் போனால் மாற்றித் தருவார்கள் என்ற எண்ணையும் கேளுங்கள்.

#20 நெடுந்தூக்கம்

ஆர்டர் கொடுக்கப்போவது: 180 × 200 லேடெக்ஸ், 15 + 5 செ.மீ., ஒட்டில்லாமல், டென்சிட்டி 75, பின்னல் துணி ஜிப் உறை, பார்டர் எதுவும் இல்லாமல். எதையாவது விட்டிருக்கிறேனா?

#21 உறையும் ஊசியும்

ஜிப் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. உறை இரண்டாகப் பிரியும்படி ஜிப் சுற்றிலும் ஓடட்டும், மேல்பாதியை மட்டும் கழற்றித் துவைக்கலாம். ஜிப் ஓடும் மட்டம் மெத்தையின் அடியிலிருந்து 12 செ.மீ. ஆவது மேலே இருக்கட்டும், கால்பக்கக் கம்பியில் உரசாது. இழுப்பான் வந்து நிற்கும் இடம் தலைமாட்டு மூலை. பக்கவாட்டின் நடுவில் நின்றால் மடங்கும் ஒவ்வொரு தடவையும் பற்கள் பிரியும்.

#22 மோட்டார் மாணிக்கம்

டெலிவரிக்கு ரெண்டு ஆள் அனுப்பச் சொல்லுங்க. 54 கிலோ லேடெக்ஸை ஒருத்தர் மூலையைப் பிடிச்சு இழுத்தா மூலை கையோட வந்துரும். தளத்தைச் சமமா வெச்சு, உறையோட அடிப்பாதியை முதல்ல விரிச்சு, 15 செ.மீ. அடுக்கை அதுமேல உருட்டி விடச் சொல்லுங்க.